இராசகம்பீரன்மலையும் வாலியர் வீடும்

போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்கு ஏறலாம். ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாகவும் வரலாம். வேலூர்க்காரர்களுக்கு அமிர்தி பக்கம் ஒரு பாதை உண்டு. எந்த வழியில் ஏறினாலும் ஒன்று கண்ணில் படும். கோட்டை என்ற சொல்லும் கோட்டைக் கதைகளும் அடிவாரத்தில்தான் அடர்ந்து கிடக்கின்றன. ஏற ஏற அவை குறைகின்றன. கிழக்கு அடிவாரத்தில் படவேடு, அங்கே கோட்டைமலை. தென்கிழக்கில் கடலாடிக்கு மேலே பர்வதமலை, அதன் உடம்பில் பழைய மதிலின் இடிபாடு. வடக்கே பாலாற்றுக்கு அப்பால் ஆம்பூர் துர்க்கம். வேலூர் நகரை ஒட்டிய குன்றுகளின் தலையில் வரிசையாகக் கோட்டைகள். ஜமுனாமரத்தூரை மையமாக வைத்து ஒரு வட்டம் போட்டால், ஆவணங்களில் பெயரோடு நிற்கும் கோட்டைகள் வட்டத்தின் விளிம்பில் விழுகின்றன. வட்டத்தின் நடுவில் சாமைக் கொல்லைகளும் சிற்றூர்களும் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகளும் இருக்கின்றன.

ஜவ்வாது மலையில் கோட்டை தேடுகிறவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது. இந்த மலை யாருக்கு அரணாக இருந்தது? கோட்டையைக் கட்டியவனுக்கா, மலைமேல் குடியிருந்தவனுக்கா?

முதலில் நடுவட்டத்தைப் பார்த்துவிடுவோம். ஜமுனாமரத்தூரை அடுத்த கீழ்செப்பிலி பக்கம் கல்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. நான்கு பக்கமும் பலகைக்கல், மேலே மூடுகல், சிலவற்றில் ஒரு பலகையில் வட்டமாகக் குடைந்த துளை. உள்ளே குனிந்துதான் பார்க்க முடியும். ஊரில் இவற்றை வாலியர் வீடு என்கிறார்கள். வாலியர் என்றால் குள்ளமான மனிதர்கள், முன்னொரு காலத்தில் இங்கே வாழ்ந்து போனவர்கள். தமிழ்நாட்டின் வேறு மலைகளில் இதே அமைப்பைப் பாண்டவர் வீடு என்பார்கள், குள்ளர் குகை என்பார்கள். பெயர் மாறினாலும் கதையின் எலும்பு ஒன்றுதான்: இது நாம் கட்டியதில்லை, நமக்கு முன்னால் இருந்த வேறு ஆட்கள் கட்டியது.

தொல்லியல் இவற்றை ஈமச்சின்னங்கள் என்கிறது. இறந்தவருக்காக எழுப்பியவை, இரும்புக் காலத்தவை. அந்த இரும்புக் காலத்தின் தொடக்கமோ அண்மையில் வெகுவாகப் பின்னால் நகர்ந்துவிட்டது. பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 2172 என்று காலக்கணிப்பு வந்திருப்பதாக 2022இல் தமிழக அரசு அறிவித்தது. அதற்கும் முந்திய வழவழப்பான கற்கோடரிகளும் இம்மலைகளில் கிடைக்கின்றன. சில ஊர்களில் அவற்றைப் பிள்ளையார் பக்கத்தில் வைத்துக் கும்பிடுகிறார்கள். மலையின் மேற்கு அடிவாரத்தை ஒட்டிய திருப்பத்தூர் வட்டாரத்தில் பையம்பள்ளியை 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தது. புதிய கற்காலத்துக் குடியிருப்பும் அதன்மேல் இரும்புக் காலத்துக் குடியிருப்பும் அடுக்காக வெளிப்பட்டன. கோட்டை என்ற எண்ணமே பிறப்பதற்கு முன்பே இங்கே ஆள் இருந்தார்கள் என்பது ஐயத்துக்கு இடமில்லாதது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. மலையுச்சியில் ஒழுங்காக அடுக்கிய கல்வரிசை தென்பட்டதும் ‘பழங்காலக் கோட்டை கண்டுபிடிப்பு’ என்று செய்தி எழுத நமக்குக் கை பரபரக்கிறது. மலைமேல் கல்லடுக்கு எல்லாம் கோட்டை அல்ல. சரிவில் மண் அரிக்காமல் இருக்கக் கொல்லைக்குக் கட்டிய கல்வரப்பு உண்டு. மாட்டுப்பட்டி உண்டு. ஈமச்சின்னத்தைச் சுற்றிய கல்வட்டம் உண்டு. பன்றியும் மானும் நுழையாமல் இருக்கப் போட்ட வேலிக்கல் உண்டு. எல்லாமே காரை இல்லாமல் அடுக்கியவை, எல்லாமே பாசி படிந்து பழசாகத் தெரிபவை. இவற்றிலிருந்து கோட்டையைப் பிரித்தறிய மதிலை மட்டும் பார்த்தால் போதாது. கல் எப்படி உடைக்கப்பட்டது? விளிம்பில் வரிசையாக ஆப்புக் குழிகள் இருந்தால் பயின்ற கல்தச்சனின் கை அங்கே பட்டிருக்கிறது. மதில் எங்கே வளைகிறது? ஏறுவதற்கு எளிதான பக்கத்தில் தடித்தும், செங்குத்துப் பாறை இருக்கும் பக்கத்தில் இல்லாமலே போயும் இருந்தால் அது பகைவனை நினைத்துக் கட்டியது. வயல்வரப்புக்குப் பகைவன் கிடையாது, அது தண்ணீரை மட்டும் நினைத்துச் சரிவுக்குக் குறுக்கே சம உயரத்தில் ஓடும். கூரை ஓட்டுத் துண்டும் செங்கல்லும் உச்சியில் கிடைத்தால் யாரோ கூலி கொடுத்து அவற்றை மேலே தூக்கிவரச் செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சுனை. உச்சியில் தண்ணீர் இல்லாத கோட்டை பத்து நாள் கோட்டை. திருக்குறளின் அரண் அதிகாரத்தைப் புரட்டினால், அரணுக்கு வேண்டியவற்றை அடுக்கும் இடத்தில் வள்ளுவர் முதலில் வைப்பது நீரைத்தான். வெட்டவெளியும் மலையும் காடும் பிறகுதான் வருகின்றன. உணவு இருப்பையும் அவர் மறக்கவில்லை. நம் கோட்டை ஆய்வுகளோ மதிலின் நீள அகலத்தை அளந்து எழுதிவிட்டு, ‘அருகில் ஒரு சுனையும் உள்ளது’ என்று கடைசி வரியில் முடித்துக்கொள்கின்றன. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. சுனை இருந்ததால்தான் அந்த உச்சி தேர்ந்தெடுக்கப்பட்டது, மதில் பிறகு வந்தது.

தண்ணீரும் உயரமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே சாட்சி இருக்கிறது. 1767 நவம்பரில் ஐதர் அலி ஆம்பூரை முற்றுகையிட்டார். கீழ்க்கோட்டை அவர் கைக்குப் போனது. கேப்டன் கால்வர்ட் என்பவரின் கீழ் இருந்த கும்பினிச் சிப்பாய்கள் மலைமேல் ஒதுங்கிக்கொண்டார்கள். ஏறத்தாழ நான்கு வாரம் ஐதரால் அவர்களை இறக்க முடியவில்லை. டிசம்பரில் கர்னல் ஸ்மித்தின் படை வந்து சேர்ந்தது. மலைமேல் தாக்குப்பிடித்த சிப்பாய்களின் பட்டாளம் பிற்பாடு ஆம்பூர்ப் பாறையைத் தன் கொடியிலேயே பொறித்துக்கொண்டது. பீரங்கிக் காலத்திலேயே இந்த நிலை என்றால், ஏணியும் கவணும் மட்டும் இருந்த காலத்தில் மலைக்கோட்டையின் மதிப்பு எவ்வளவு இருந்திருக்கும்!

அந்தக் காலத்துக்கே போவோம்.

படவேடு இன்று ரேணுகாம்பாள் கோயிலுக்குப் பேர்போன ஊர். ஆடி மாதத்தில் கூட்டம் நெரியும். வாழைத் தோட்டங்களும், கமண்டல நாகநதியும், பின்னணியில் ஜவ்வாது மலையின் சுவரும். ஊரின் பழைய பெயர் படைவீடு, படை தங்கிய இடம். கல்வெட்டுகளில் மருதரசர் படைவீடு என்ற பெயரும் உண்டு. இது சம்புவராயர்களின் தலைநகரம். சோழர்களுக்குக் கீழே சிற்றரசர்களாக இருந்த இந்தக் குடி சோழப் பேரரசு தளரத் தளரத் தானாக எழுந்து நின்றது. 12ஆம் நூற்றாண்டில் ஈழத்துப் படை பாண்டிய நாட்டுக்குள் புகுந்து சோழ நாட்டை அச்சுறுத்தியபோது, எதிரிலிசோழ சம்புவராயன் ஒரு சிவாச்சாரியாரை வேண்டி வழிபாடு நடத்தச் செய்து, வெற்றி கிடைத்ததும் ஆற்பாக்கம் என்ற ஊரையே கொடையாகத் தந்த செய்தி கல்வெட்டில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் நடுவில் இராசகம்பீர சம்புவராயன் வருகிறான். சக ஆண்டு 1180, அதாவது கி.பி. 1258 அளவில், படவேட்டு அம்மையப்பேசுவரர் கோயிலுக்கு இராசகம்பீர நல்லூர் என்ற ஊரை அவன் கொடுத்த செய்தி சொல்லும் கல்வெட்டைக் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார். ஊருக்கு மட்டுமா அவன் பெயர்? பின்னால் விஜயநகரத்தார் ஆண்டபோதும் இந்தச் சீமை இராசகம்பீர ராஜ்யம் என்றும் வழங்கியது. படவேட்டுக் கோட்டைமலை இராசகம்பீரன்மலை ஆனது.

1311இல் மாலிக் காபூரின் படையெடுப்புக்குப் பிறகு பாண்டியர் ஆட்சி குலைந்தது. மதுரையில் சுல்தான்கள், வடக்கே ஹொய்சளர், இடையில் தொண்டைமண்டலத்தில் சம்புவராயர். வென்றுமண்கொண்டான், அவனுக்குப் பின் இராசநாராயணன் என இருவர் தனியரசர்களாகவே ஆண்டார்கள். இந்த இடைவெளியில்தான் விஜயநகரத்துப் புக்கரின் மகன் குமார கம்பணன் தெற்கே இறங்குகிறான். அவன் மனைவி கங்காதேவி வடமொழியில் பாடிய மதுராவிஜயம் அந்தப் படையெடுப்பைச் சொல்கிறது. இந்நூலின் ஏடு 1916இல் திருவனந்தபுரத்தில் கிடைத்தது. சிதைந்த ஏடுதான், ஆனாலும் சம்புவராயனோடு நடந்த போர் தப்பிப் பிழைத்திருக்கிறது.

கதை இப்படிப் போகிறது. கம்பணனின் படை பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரம் வந்து இறங்குகிறது. சமவெளிப் போரில் சம்புவராயனின் படை உடைகிறது. அரசன் இராசகம்பீரன்மலைக் கோட்டைக்குள் போய்க் கதவடைத்துக்கொள்கிறான். முற்றுகை. கடைசியில் மதில் ஏறப்படுகிறது. சம்புவராயன் வாளோடு வெளியே வந்து கம்பணனோடு நேருக்கு நேர் மோதி மடிகிறான். 1360களின் தொடக்கத்தில் நடந்தது இது. தென்னகத்து மலைக்கோட்டை ஒன்றின் வீழ்ச்சியை இவ்வளவு கிட்டத்தில் நின்று சொல்லும் இலக்கியம் அந்த நூற்றாண்டில் அரிது. ஆனால் சொல்வது வென்றவனின் மனைவி என்பதை ஒருகணமும் மறக்கக்கூடாது. உள்ளே இருந்தவர்கள் எத்தனை நாள் தாக்குப்பிடித்தார்கள், சுனை வற்றியதா, நெல் தீர்ந்ததா என்பதெல்லாம் காவியத்துக்கு வேண்டாத சங்கதி. அங்கே வீரமும் வாளும்தான் கோட்டையைத் திறக்கும். நம் இலக்கணம் இந்த இடத்தில் கொஞ்சம் நியாயமானது. மதிலை வளைப்பவன் சூடும் உழிஞைப் பூவுக்கு ஒரு திணை வைத்தால், உள்ளே இருந்து காப்பவனுக்கும் நொச்சிப் பூவைக் கொடுக்கிறது. தொல்காப்பியம் இருவரையும் உழிஞைக்குள்ளேயே வைத்தது. புறப்பொருள் வெண்பாமாலை காப்பவனுக்குத் தனித்திணையே ஒதுக்கியது. இராசகம்பீரன்மலைக்கு உழிஞைப் பாட்டு கிடைத்துவிட்டது. நொச்சிப் பாட்டு கிடைக்கவில்லை.

படவேட்டின் அழிவைப் பற்றி ஊரில் வேறொரு கதை ஓடியது. வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு அதைப் பதிந்து வைத்திருக்கிறது: பதினாறு மைல் சுற்றளவுள்ள பெருநகரம், கோயிலும் சத்திரமுமாக நிறைந்தது, ஒருநாள் வானத்திலிருந்து மண்ணும் கல்லும் மாரியாகக் கொட்டி மூடிப்போயிற்று. படையெடுப்பு நடந்த ஊரில் மக்கள் படையெடுப்பைச் சொல்லாமல் கல்மாரியைச் சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது எளிது. நான் அப்படித் தள்ளமாட்டேன். படவேட்டுக் கோயில்கள் பல உண்மையிலேயே மண்ணுக்குள் புதைந்து கிடந்தவை. பிற்காலத்தில் அறக்கட்டளை ஒன்று தோண்டி எடுத்துத் திருப்பணி செய்தவை. மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் காட்டாறு ஒன்று கரை புரண்டால் என்ன கொண்டுவரும்? மண்ணும் கல்லும்தான். அரசன் தோற்ற செய்தியை மறந்துவிட்டு ஆறு புதைத்த செய்தியை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. அதுதான் ஊருக்கு நேர்ந்த இழப்பு.

இன்னொன்று. இராசகம்பீரன்மலை தனித்து நிற்கும் குன்று அல்ல. செஞ்சி மலைகளைப் போலவோ கிருஷ்ணகிரியைப் போலவோ சுற்றிவர வளைத்துக்கொள்ள முடியாது. முதுகு ஜவ்வாது மலைத்தொடரோடு ஒட்டியிருக்கிறது. சமவெளியைப் பார்த்த பக்கத்தில் மதில், பின்பக்கத்தில் காடு. சங்க இலக்கியம் கோட்டையைச் சுற்றிய காவற்காட்டுக்கு மிளை என்று பெயர் வைத்திருக்கிறது. இங்கே ஜவ்வாது மலை முழுவதுமே படைவீட்டின் மிளை. சமவெளி அரசன் தன் முதுகை மலைக்குக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறான். அந்த மலைக்குள் வழி தெரிந்தவர்கள் யாரோ, அவர்களுடைய நட்பு இல்லாமல் இந்தக் கோட்டை ஒரு பொழுதும் நின்றிருக்காது என்பது என் கணிப்பு.

அப்படி வழி தெரிந்தவர்களைப் பற்றிய மிகப் பழைய பாட்டு மலைபடுகடாம். 583 அடி. பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் நன்னன். அவன் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். அவன் மலை நவிரம், அங்கே காரியுண்டிக் கடவுள் என்ற தெய்வம். நவிரம் என்பது பர்வதமலை என்று கொள்வது அறிஞர் வழக்கு. காரி உண்டவன் என்றால் நஞ்சு உண்டவன். அந்த மலையைச் சுற்றிச் செய்யாற்றங்கரையில் கரைகண்டேசுவரர் கோயில்கள் ஏழு இருப்பதையும், கறைக்கண்டன் என்ற பெயரில் அதே நஞ்சு நிற்பதையும் கவனித்தால் இந்த அடையாளம் வலுக்கிறது. நன்னனிடம் பரிசில் பெற்று வந்த கூத்தன் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்பவர் கவண்கல் எந்தப் பக்கம் பறந்துவரும், வழுக்குப் பாறையை எப்படிக் கடப்பது, நடுகல்லைக் கண்டால் என்ன செய்வது, கவர்த்த வழியில் ஊர்ப்பெயர் எழுதிவைத்த அடையாளத்தை எப்படிப் பார்ப்பது என்று அடுக்கிக்கொண்டே போகிறான். நன்னனின் மதிலும் பாட்டில் உண்டு. ஆனால் புலவருக்கு மதிலைவிட வழியில்தான் ஆசை. படித்து முடிக்கும்போது, நன்னனைக் காத்தது அவன் மதிலா, இந்த வழியா என்ற கேள்வி மிஞ்சும். வழி சொல்ல ஆள் இல்லாத படை அந்த மலையில் பாதியிலேயே நின்றிருக்கும்.

இன்று பர்வதமலையில் பௌர்ணமிதோறும் பக்தர்கள் ஏறுகிறார்கள். ஏறத்தாழ 4,500 அடி. செங்குத்துப் பாறையில் இரும்பை அடித்து நட்ட கடப்பாரைப் படியில் தொங்கிக்கொண்டு ஏறி மல்லிகார்ச்சுனரைக் கும்பிடுகிறார்கள். போகிற வழியில் கோட்டை இடிபாட்டைக் கடக்கிறார்கள். பலர் அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள். பகைவன் மூச்சு வாங்குவதற்காகவே தேர்ந்தெடுத்துக் கட்டிய இடம் அது, வேலையை இன்னும் சரியாகத்தான் செய்கிறது.

இனி நடுவட்டத்துக்குத் திரும்பலாம். ஜமுனாமரத்தூரைச் சுற்றி வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் பூர்வீகம் காஞ்சிபுரம் என்கிறார்கள். அவர்களுடைய கதை ஒன்று வட ஆர்க்காடு கையேட்டில் ஏறி, அங்கிருந்து 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றித் தர்ஸ்டன் எழுதிய ஏழு தொகுதி நூலுக்குள்ளும் போனது. அதற்கு ஆண்டே குறித்திருக்கிறார்கள்: சக ஆண்டு 1055, கி.பி. 1132. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். வேளாளர் இகழ்ந்து மறுத்தார்கள். வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்தோம் என்று கருமாதி செய்துவிடுங்கள் என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் எப்படியோ கடந்தார்கள். நாய்கள் பாதியாறு நீந்தித் திரும்பிவிட்டன. கங்குந்தியில் வேடர்களைக் கொன்று ஊர் திரும்பினால், வீட்டில் கருமாதி முடிந்து மனைவிமார் தாலியறுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கும் செத்தவர்களுக்கு ஊரில் இடமில்லை. வேடப் பெண்களை மணந்துகொண்டு ஜவ்வாது மலை ஏறி உழவு செய்தார்கள்.

1132 விக்கிரம சோழன் ஆண்ட காலம். சம்புவராயர் குடி சோழர் படைக்குள் மேலே ஏறிக்கொண்டிருந்த காலம். கதையின் ஆண்டை அப்படியே நம்பவேண்டியதில்லை. எனக்கு வியப்பு வேறு. இவ்வளவு நுணுக்கமான கதையில் அரசன் இல்லை. கோட்டை இல்லை. வேடர் ஊரான கங்குந்தியிலேயே ஒரு மலைக்கோட்டை இடிபாடு உண்டு, கதை அதைத் தொடக்கூட இல்லை. காஞ்சிபுரம் இருக்கிறது, பாலாறு இருக்கிறது, பெண்கள் இருக்கிறார்கள், நாய்கள் இருக்கின்றன. மலை இவர்களுக்கு அடைக்கலம்தான். ஆனால் அது தங்கள் சொந்த ஊரின் தீட்டுக்குத் தப்பிய அடைக்கலம். படவேட்டு அரசன் பகைவனுக்கு அஞ்சி மலையில் முதுகு சாய்த்தான் என்றால், இவர்கள் சுற்றத்தாரிடமிருந்து மலைக்குள் போனார்கள். அதற்கு மதில் தேவைப்படவில்லை.

(நாய்க்கு இந்தப் பக்கத்தில் நல்ல பெயரும் உண்டு. செங்கம் வட்டார நடுகற்களில் எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கள்ளரைக் கடித்து எசமானுக்கு அருகே நின்ற நாயின் பெயரைக் கோவிவன் என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதே மலையின் மடியில் ஏழு நாய்கள் திரும்பி ஓடியதற்காகவும் ஒரு நாய் ஓடாமல் நின்றதற்காகவும் நினைவில் இருக்கின்றன.)

மலையின் நடுவே சமவெளியின் கை எட்டவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜமுனாமரத்தூர் வட்டத்தில் கோவிலூர்ச் சிவன் கோயில் சோழர் காலத்தது. 2025 நவம்பரில் அங்கே திருப்பணிக்காகத் தோண்டியபோது மண்கலயம் ஒன்றில் 103 பொற்காசுகள் வெளிப்பட்டு அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. பொன்னை யார், எப்போது, எதற்கு அஞ்சிப் புதைத்தார்கள் என்பது காசுகளைப் படித்தவர்கள் சொல்லவேண்டியது. ஒன்று மட்டும் தெரிகிறது. மதில் சூழ்ந்த படைவீட்டில் வைக்காமல் மதில் இல்லாத மலைக்கோயிலில் வைப்பது பத்திரம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அந்தக் காசு கிடைத்த செய்தி பரவியதும் வேறொரு கவலை வருகிறது. இந்த மலைகளில் கல்திட்டைகளின் அடியைப் பெயர்த்துப் பார்ப்பவர்கள் எப்போதும் உண்டு. பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் புதையல் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். மூடுகல்லை நெம்புபவர் தேடும் பொன் வாலியர் வீட்டில் இருப்பதில்லை. இருப்பது பானையோடும் எலும்பும் இரும்புத் துண்டும். நெம்பிவிட்டு ஏமாந்து போகும்போது அவற்றை வெளியே வாரிப் போட்டுவிட்டுப் போகிறார்கள், அதோடு அந்தக் கல்லின் கதை முடிந்தது.

படவேட்டுக் கோட்டைமலை உச்சியில் இப்போது வேணுகோபாலர் குழலோடு நிற்கிறார். கோயிலைப் புதுப்பித்திருக்கிறார்கள். கீழே நின்று பார்த்தால் சிறு வெள்ளைப் புள்ளி. மேலே நின்று கிழக்கே பார்த்தால் கமண்டல நதியும் வாழைத் தோப்புகளும் வயலும் தெரிகின்றன. கம்பணனின் படை வந்திருக்கவேண்டிய திசை அதுதான். மேற்கே திரும்பினால் மலைக்குப் பின்னால் மலையாக ஜவ்வாது. ஏறி வருபவர்கள் எல்லாரும் கிழக்குப் பக்கம் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.